பழைய காரும் புதிய முகப்பு விளக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என்னிடம் உள்ள 1994ஆம் ஆண்டு மாருதி 800 காரின் முகப்பு வெளிச்சம் மங்கியபோது, உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் 100/90 வாட் (தூர ஒளிக்கு 100, தாழ் ஒளிக்கு 90) ஹாலஜன் பல்புகளை மாட்டிவிட்டார். இரண்டே வாரத்தில் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சின் உட்புறம் உருகி, கருகிய நாற்றம் வீசியது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்புகள் இரண்டுக்கு 10 ஆம்பியர் போதும். 100 வாட் என்றால் ஏறத்தாழ 17 ஆம்பியர் அந்தப் பழைய சுவிட்சின் வழியே பாய வேண்டும்.

பிறகு வந்த எலக்ட்ரீஷியன் பல்பின் சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார், பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் அங்கே 10.5தான் வந்தது. குறை பல்பில் இல்லை, துருவேறிய எர்த் இணைப்பிலும் (மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இடம்) மெல்லிய வயரிலும் இருந்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாகத் தடித்த வயர் இழுத்து, எர்த்தைச் சுரண்டி இறுக்கியதும், பழைய 60/55 வாட் பல்பே பளிச்சென்று எரிந்தது.

ஹாலஜனுக்கென வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் (பல்பின் ஒளியை முன்னோக்கித் திருப்பும் கிண்ணம்) எல்இடி பல்பைச் செருகுவோர், ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதை எண்ணுவதில்லை (தமக்கு வெளிச்சம் கூடியதாகவே தோன்றும்). 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வில், விளக்கு எரிகிறதா என்பதோடு நில்லாமல், ஒளிக்கற்றையின் உயரத்தையும் கருவி வைத்து அளக்குமாறு போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி