மாடி வகுப்பு பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நோட்டும் பேனாவும் வாங்க வந்த நீங்கள் கேட்டுக்கேட்டுத்தான் கடை மாடியில் இந்தக் கோடை வகுப்பே தொடங்கியது. இப்போது அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் காட்டிவிட்டுத்தான் பென்சிலே கேட்கிறார்கள். "பாடப்புத்தகத்தைத் தொடுவதே இல்லை, பேப்பர் படிக்கவும் பல்லாங்குழி ஆடவும் எதற்குப் பணம்?" என்பது அதன் சாரம்.

பல்லாங்குழி வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஆடுவது. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று பிள்ளைகள் மனக்கணக்குப் போடுகிறார்கள். அதை விடுங்கள். "பேப்பர்" என்று இளப்பமாகச் சொன்னதுதான் உறுத்துகிறது.

பிள்ளைகள் படிப்பது சினிமாச் செய்தி இல்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு, இந்த மூன்றையும் தினமும் குறித்து வரைபடம் போடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அணையின் முழு மட்டமான 120 அடியிலிருந்து இன்றைய மட்டத்தைக் கழிப்பது வேலை. பெரிய பிள்ளைகளுக்கு டி.எம்.சி. கணக்கு. அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. வகுத்தால், விநாடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால்தான் ஒரு டி.எம்.சி. வெளியே போகும். "விநாடிக்கு இத்தனை கன அடி" என்று ஆயுசு முழுக்கப் படிக்கிறோமே, அது எவ்வளவு தண்ணீர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12இல் திறப்பார்களா என்று டீக்கடையில் பேசிவிட்டு வரும் அப்பாவுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்கோடு பதில் சொல்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிவதையும் வரைந்துவிட்டார்கள். இது படிப்பு இல்லையென்றால் எது படிப்பு?

இதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. விடுமுறையில் படிப்பு மறப்பது பற்றி அமெரிக்காவில் நடந்த 39 ஆய்வுகளை ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளரின் குழு 1996இல் அலசியது. சராசரியாக ஒரு மாதப் படிப்பு பின்னுக்குப் போகிறதாம். வாசிப்பைவிடக் கணக்கும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் தேய்கிறதாம். அங்கே விடுமுறை நம்மைவிட நீளம், சரி. ஆனாலும் ஜூனில் வகுத்தல் கணக்கைப் பார்த்து விழிக்காத பிள்ளை நம் தெருவில் உண்டா? பாடப்புத்தகத்தை அவர்கள் பத்து மாதம் பார்த்தாயிற்று. கணக்கு கையைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், கணக்கு டீச்சருக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷமாகவே அனுப்பிவைத்தோம். தாள் விலையும் கரண்ட் பில்லும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே மாலைப் பிரிவு காலைப் பிரிவோடு சேர்கிறது, மே மாதக் கட்டணம் 600க்குப் பதில் 750. கட்டிய பணம் திரும்பாது என்பது ரசீதிலேயே இருக்கிறது.

கொரோனா காலத்தில் கடை பாதி நாள் மூடிக் கிடந்தபோதும் வேறு கடைக்குப் போகாமல், போனில் சொல்லி நோட்டு வாங்கியவர்கள் நீங்கள். இப்போதும் அந்தச் செய்திக்கு அடியிலேயே எங்களுக்காகப் பரிந்து எழுதிய அம்மாக்களை எப்படி மறப்பது? உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு யார் வேண்டுமானாலும் மாடிக்கு வந்து உட்கார்ந்து பார்க்கலாம், அந்தச் செய்தியைப் போட்டவர் உட்பட. காபி உண்டு. வரைபடத் தாள் நாங்களே தருகிறோம். பிள்ளைகளிடம் தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கும்பகோணம்