பருவ நிறைவும் விருப்பப் பாடப் படிவங்களும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. பேச்சு, ஓவியம், சதுரங்கப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றார்கள். நூலகத்திற்குப் புதிய நூல்கள் வந்துள்ளன. பங்கேற்றவர்களுக்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் வழக்கம்போல் பெற்றோர் சந்திப்பின்போது தரப்படும்.

அடுத்த ஆண்டுக்கான விருப்பப் பாடப் படிவங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

உயர் வகுப்புக்குச் செல்லும் மாணவர்கள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல், சமூகவியல், உளவியல் ஆகிய சமூக அறிவியல் பாடங்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியர்களுடன் பேசி, யோசித்து, தங்கள் கையால் நிரப்பிய படிவங்களைக் கையொப்பத்துக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திரும்பி வந்தவற்றில் பலவற்றில் பிள்ளையின் தேர்வு அடிக்கப்பட்டு, வேறு பாடம் எழுதப்பட்டிருக்கிறது. ‘இந்தப் பாடங்கள் வேண்டாம், அந்த நேரத்தில் கணக்குப் பயிற்சி கொடுங்கள்’ என்ற குறிப்பும் சிலவற்றில் இருந்தது. பட்டியலை ஒட்டிய பிறகுதான் தங்கள் பாடம் மாறியிருப்பதைச் சில மாணவர்கள் அறிந்தார்கள். அவர்கள் என் அறைக்கு வந்து காரணம் கேட்டபோது, நான் பதில் சொல்லச் சிரமப்பட்டேன்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. மேற்படிப்புக்கான போட்டி கடுமையாக இருக்கிறது; வேலை எப்படிக் கிடைக்கும் என்ற பயம் எல்லா வீடுகளிலும் உண்டு. சமூக அறிவியல் என்றால் அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வது என்பதுதான் நம்மில் பலர் படித்த விதம். இன்று பாடம் அப்படி நடப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

புவியியல் வகுப்பில் இந்தப் பருவம் 1854ஆம் ஆண்டு லண்டனில் பரவிய காலராவைப் படித்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை ஒரு குறிப்பிட்ட தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் காட்டி, நோய் கெட்ட காற்றால் அல்ல, தண்ணீரால் பரவுகிறது என்று வாதிட்டார். கிருமிகளைப் பற்றிய தெளிவு மருத்துவ உலகுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளைக்கு இது தேவையற்ற பாடமா? அதே வகுப்பில், மெர்கேட்டர் என்ற வரைபடவியலாளர் 1569இல் வரைந்த முறையிலான உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவதையும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது என்பதையும் மாணவர்களே கணக்கிட்டுப் பார்த்தார்கள். கணக்குப் பயிற்சி அங்கேயும் நடக்கிறது.

பாடங்களுக்கிடையே நாம் நினைக்கும் அளவுக்கு மதில்களும் இல்லை. 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேனியல் கானமன் ஓர் உளவியலாளர். 2009இல் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான எலினோர் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல் படித்தவர். சட்டம், இதழியல், வங்கி, நிர்வாகம், நகரத் திட்டமிடல் ஆகிய துறைகளுக்கும் வழி இந்தப் பாடங்களில்தான் தொடங்குகிறது.

‘நண்பர்கள் எடுத்தார்கள் என்று இவளும் எடுத்துவிட்டாள்’ என்று ஒரு தாய் எழுதியிருந்தார். நியாயமான சந்தேகம்தான். உளவியல் பாடமே இதைப் பேசுகிறது. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் தவறான விடை சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் சோதனைக்கு உட்பட்டவர்களும் சுமார் மூன்றில் ஒரு பங்கு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தவறினார்கள். பதின்ம வயதில் இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, நண்பர்களின் வற்புறுத்தலை வேறு கண்ணோடு பார்க்கும்.

குடிமையியலில் மாணவர்கள் 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தைப் படிக்கிறார்கள். பிள்ளைக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்று தீர்மானிப்பதில் பெற்றோருக்கே முதல் உரிமை என்கிறது அதன் 26ஆவது பிரிவு. அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவையும் அவர்கள் படிக்கிறார்கள். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தரப்பட வேண்டும் என்கிறது அது. வகுப்பில் இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படிவத்தில் கோடு போடுவது சரியல்ல.

எனவே சில முடிவுகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடித்துத் திருத்தப்பட்ட படிவங்கள் ஏற்கப்படமாட்டா. அவற்றுக்குப் பதிலாகப் புதிய படிவம் உங்கள் பிள்ளையிடம் தரப்பட்டுள்ளது. மாணவர், பெற்றோர் இருவரின் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். சமூக அறிவியல் பாடவேளையை வேறு எந்தப் பாடத்தின் பயிற்சிக்கும் ஒதுக்க முடியாது. அந்த நேரத்தில் தனிப்பயிற்சிக்காகப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதியும் இல்லை. இதில் விதிவிலக்குக் கேட்க வேண்டாம்.

பேசிய பிறகும் கருத்து வேறுபாடு இருந்தால் பிள்ளையோடு வாருங்கள். வகுப்பாசிரியரும் பாட ஆசிரியரும் நானும் உடன் அமர்ந்து பேசுகிறோம். பிள்ளைக்குப் பொருந்தாத தேர்வு என்று எங்களுக்குத் தோன்றினால் அதையும் வெளிப்படையாகச் சொல்வோம். மேற்படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்ற ஐயத்தையும் அப்போதே தீர்த்துக்கொள்ளலாம்.

படிவத்தோடு நீண்ட கடிதங்கள் எழுதி அனுப்பியவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொன்றையும் படித்தேன். பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி எவ்வளவு உழைக்கிறீர்கள், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது அவற்றில் தெரிந்தது. பள்ளியின் மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் இந்தப் பருவம் முழுவதும் அளித்த ஒத்துழைப்புக்கும் மனமார்ந்த நன்றி. புதிய படிவங்களை வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்