வீட்டு வரைபடத்தில் விடுபடும் கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியிருப்புத் திட்டச் செய்திகள் எத்தனை வீடு, எத்தனை சதுர அடி என்பதோடு நின்றுவிடுகின்றன. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-இல் தகுந்த வீட்டுக்கு ஏழு கூறுகளை வகுத்தது. அவற்றில் கடைசி, பண்பாட்டுப் பொருத்தம். கடைசியில் இருப்பதாலோ என்னவோ, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

யார் சமைப்பது, யாருக்குத் தனியறை, வந்தவர் எதுவரை உள்ளே வரலாம் என்பதையெல்லாம் சமூகம் முடிவு செய்கிறது. சுவர் அதைக் கெட்டிப்படுத்துகிறது. 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த ‘ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை’யின் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நடை மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் இன்னொருவர் கூட நின்று வேலை செய்ய வசதியில்லை. சமையல் ஒரு பெண்ணின் தனி வேலை என்ற ஊகம் அந்த அளவுக்குள்ளேயே உறைந்துவிட்டது. ஜப்பானில் கட்டடக்கலை ஆய்வாளர் நிஷியாமா உஸோ வேறு வழியில் போனார். சாதாரண வீடுகளில் மக்கள் வாழும் விதத்தை ஆராய்ந்து, இடம் எவ்வளவு குறைந்தாலும் உண்ணுமிடத்தையும் உறங்குமிடத்தையும் பிரித்தே வைக்கிறார்கள் என்று கண்டார். அந்நாட்டின் 1951-ஆம் ஆண்டுப் பொதுக் குடியிருப்பு மாதிரி வரைபடத்தில் அந்தப் பிரிப்பு இடம்பெற்றது.

மக்கள் வாழும் விதத்தை அப்படிப் பார்ப்பது பெரிய வேலையல்ல. குடிபெயரப் போகிறவர்களின் இப்போதைய வீட்டைச் சாமான்களோடு 1:50 அளவில் (ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி) வரையுங்கள். காலை, மதியம், மாலை, இரவு எனத் தனித்தனித் தாளில் யார் எங்கே இருக்கிறார் என்று குறியுங்கள். குடும்பத் தலைவரை மட்டும் கேட்டால் பாதி விவரம் வராது. பெண்களையும் முதியவர்களையும் சிறுவர்களையும் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு அதே ஆட்களை அதே வேளைகளில் புதிய வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இரவில் கழிவறைக்குப் போகிறவர் இன்னொருவர் படுக்கையைத் தாண்ட வேண்டுமா? வாசற்கதவைத் திறந்தால் எதிர்வீட்டின் உள்ளறை தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் கதவு சாத்தியே கிடக்கும், அக்கம்பக்கப் பேச்சும் குறையும். எதிரெதிர்க் கதவுகளை ஒரு மீட்டராவது விலக்கி வைப்பது வரைபடத்தில் சில நிமிட வேலை, கட்டியபின் நடக்காது.

கட்டடத்தின் பளு தூண்களில் இறங்கி, குழாய்கள் ஒரே சுவரில் அமைந்தால் சமையலறைத் தடுப்பைப் பிற்காலத்தில் நகர்த்தலாம். சுவர்களையே கான்கிரீட்டில் வார்த்து அவற்றின்மேல் பளுவை இறக்கும் முறையில் அதற்கு வழியில்லை. வேகத்துக்காக அந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைச் சொல்வதும் இல்லை.

சிலியின் இக்கிக்கே நகரிலுள்ள கின்டா மான்ராய் குடியிருப்பில் பாதி வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்து, மீதியைக் குடும்பங்களிடம் விட்டார்கள். எந்தப் பாதி என்பதில்தான் நுட்பம்: குடும்பங்கள் தாங்களாகக் கட்டிக்கொள்ளக் கடினமான சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பொதுச்சுவர் ஆகியவை முதலிலேயே முடிந்துவிட்டன.

அடுத்த திட்ட அறிவிப்பின்போது, குடியிருப்போர் எந்தச் சுவரை நகர்த்தலாம் என்றும் உங்கள் நிருபர்கள் கேட்கலாம்.

இப்படிக்கு,
கட்டடக்கலைத் துறை வாசகர்கள்