மணல் வடிப்பான் வைக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

கனடாவிலுள்ள உங்கள் கால்கரி குழு கம்போடியாவில் வீட்டுக்கு வீடு குடிநீருக்கான மணல் வடிப்பான் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். 1990-களில் பொறியாளர் டேவிட் மான்ஸ் அதை உருவாக்கியது உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். அதனால் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். ஆனாலும் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். மீகாங் ஆற்றங்கரையில், குறிப்பாகக் காண்டால் மாகாணத்தில், குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் என்ற நஞ்சு உண்டு. இந்த வடிப்பான் கிருமியைப் பிடிக்கும், ஆர்செனிக்கை விட்டுவிடும். தண்ணீர் பளிச்சென்று விழுவதைப் பார்த்து ஊரே நம்பிக் குடிக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சோதிக்காத கிணற்றுக்கு வடிப்பான் வைக்காதீர்கள். குளத்து நீரும் மழைநீரும் அங்கே உண்டு.

அடுத்தது மணல். இதில்தான் பல வடிப்பான்கள் கெட்டுப்போகின்றன. ஆற்று மணலில் அழுக்கும் கிருமியும் கூடவே வரும். உடைகல் மணல், நம்மூர் எம்-சாண்ட் மாதிரி, நல்லது. 0.7 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவதை மட்டும் எடுத்துக் கழுவ வேண்டும். பளிங்காகக் கழுவினாலும் தப்பு, நுண்மணல் போய்விடும். பாட்டிலில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் விட்டுச் சுழற்றி நிறுத்து. மூன்று நான்கு விநாடியில் மணலின் மேற்பரப்பு மங்கலாகத் தெரிந்தால் போதும்.

அடியில் ஜல்லி, அதன்மேல் பொடி ஜல்லி, இரண்டும் தலா 5 சென்டிமீட்டர். அதன்மேல்தான் மணல். வடிப்பானின் கூட்டில் முதலில் தண்ணீர், பிறகு மணல். மாற்றிச் செய்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். நிரம்பிய நிலையில் ஒரு லிட்டர் விழ இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் கழுவியது அதிகம்.

ஓட்டம் நின்றதும் மணல்மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அழுக்கைத் தின்னும் உயிர்ப்படலம் மணலின் மேல்மட்டத்தில்தான் வளரும். தண்ணீர் ஏறினால் அதற்குக் காற்று எட்டாது, வற்றினால் செத்துப்போகும். வசதிக்காக யாராவது குழாய்முனையில் மூடித் திறக்கும் திருகு மாட்டுவார்கள், இன்னொருவர் ரப்பர் குழாய் செருகுவார். முதலாவது தண்ணீரை ஏற்றிவிடும், இரண்டாவது உறிஞ்சி வற்றவைக்கும். இரண்டையும் தடுத்துவிடு.

படலம் முழுதாக வளர 30 நாள்வரை ஆகும். நீங்கள் அதற்குள் விமானம் ஏறியிருப்பீர்கள், அதுதான் என் கவலை. அதுவரை வடித்த தண்ணீரில் குளோரின் கலக்கச் சொல்லுங்கள். வடிப்பானுக்குள் ஒரு சொட்டுக் குளோரினும் போகக்கூடாது. ஒரு முறை ஊற்றியபின் ஒரு மணி நேரமாவது விட வேண்டும், 48 மணி நேரத்துக்குமேல் சும்மா விடவும் கூடாது. மூடியில்லாத குடத்தில் பிடித்துக் கையை விட்டு மொண்டால் அத்தனை உழைப்பும் வீண்.

பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஒரு தடவைக்கு 12 லிட்டர்தான், நூறு பிள்ளைக்கு எந்த மூலைக்கு?

கூடு வார்க்கும் அச்சையும் சல்லடையையும் உள்ளூர்க் கொத்தனாரிடமே விட்டுவிடுங்கள். வீடு வீடாகத் திரும்பப் போய்ப் பார்க்க அந்த ஊர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். இன்னும் இரண்டு பேர் டிக்கெட்டுக்கு ஆகும் பணம் அதற்குப் போகட்டும்.

மணல் கழுவியதும் அந்தப் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா