இரண்டு பிள்ளைக்கும் ஒரே பட்டியல் வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இரட்டைப் பிள்ளைகளான உங்கள் மகனும் மகளும் ஒரே காலேஜில் சேர வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. பால்வாடியிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே டியூஷன். நீங்கள் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்குக் காலையில் போனால், கடை சாத்தின பிறகுதான் வீடு திரும்புகிறீர்கள். அவ்வளவு நேரமும் அவளுக்கு அவன் துணை, அவனுக்கு அவள் துணை என்றுதான் விட்டுவிட்டுப் போனீர்கள். காலேஜுக்கும் "ரெண்டும் ஒண்ணா போயிட்டு ஒண்ணா வரட்டும்" என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் பொறியியல் கவுன்சிலிங் அப்படி நடப்பதில்லை. அது நடக்கும் விதம் தெரியாமல், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற விருப்பப் பட்டியலைப் போட்டால் நஷ்டம் உங்கள் மகளுக்கு. இதை உங்களிடம் நேரில் சொன்னதோடு விடாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதக் காரணம், தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இதே பேச்சு பல வீடுகளில் ஓடுவதுதான். இரட்டைப் பிள்ளை இல்லாத வீட்டில் அண்ணன், மாமா பையன் என்று துணைக்கு ஆள் மாறும். பெண் பிள்ளையின் பட்டியல் மட்டும் எப்போதும் இன்னொருவர் கையில்தான்.

உங்கள் மகள் தன் நோட்டை எனக்குக் காட்டினாள். முதல் வரியில் "1 – இசிஇ" என்று எழுதி, மேலே ஒரே கோடாக அடித்திருந்தாள். 1 என்பது கிண்டி பொறியியல் கல்லூரியின் கவுன்சிலிங் எண், இசிஇ என்பது மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல் பிரிவு. அதற்குக் கீழே ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தனியார் கல்லூரியின் எண். அது அவள் கையெழுத்து இல்லை, உங்கள் மகனுடையது. ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "ஒரே காலேஜ்னாதான் அம்மா அனுப்பும், மிஸ்" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. முடிந்துபோன விஷயம் போலச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

கணக்கு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அவளுக்கு 191.5. அவனுக்கு 171. இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க் போடுவார்கள். கூடப் பிறந்தவர்கள் என்பதற்கு அங்கே எந்த இடமும் கிடையாது. இருவரும் எல்லாவற்றிலும் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். சமமாக வந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் பிறந்த தேதியைப் பார்த்து மூத்தவருக்கு முன்னுரிமை தருவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் ஒன்றுதான். அப்போது கம்ப்யூட்டர் கொடுத்த 10 இலக்க ரேண்டம் எண்ணில் எது பெரியதோ அவருக்குத்தான் முன் இடம். ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளைக்கூட அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் நிறுத்துவார்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சமீப வருஷங்களில் கவுன்சிலிங்கை மூன்று சுற்றாக நடத்துகிறார்கள். கட்-ஆஃப் அதிகம் உள்ளவர்களுக்கு முதல் சுற்று. 191.5 முதல் சுற்றில் வரும். 171 பெரும்பாலும் இரண்டாவதில்தான். அதாவது அவள் பட்டியலைப் பூட்டி, சீட் ஒதுக்கி, அதை அவள் உறுதி செய்து முடித்த பிறகுதான் அவனுக்குப் பட்டியல் போடும் நாளே வரும். அவனுக்காக அவள் அந்தத் தனியார் கல்லூரியை முதலில் போட்டால், அவளுக்கு அது உடனே கிடைத்துவிடும். அவன் முறை வரும்போது அங்கே அவன் கேட்கிற பிரிவில் சீட் இருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. இல்லையென்றால் அவளுக்குக் கிண்டியும் போச்சு, ஒன்றாகப் படிப்பதும் போச்சு.

"அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூட்டிய பட்டியலைத் திறக்க முடியாது. மேலே இருக்கிற விருப்பம் காலியானால் அதற்கு நகர வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவரவர் பட்டியலில் கிடைத்ததற்கு மேலே எழுதியிருப்பதற்கு மட்டும்தான் நகரலாம். முதல் வரியே கிடைத்துவிட்டால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? அவள் அடித்த அந்த வரி முதல் வரியாகவே இருக்க வேண்டும். ரேங்குக்கு எட்டாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக அடுத்த வரிக்குப் போகும். ஆசைப்பட்டதை மேலே எழுதினதற்காக ஒருவரும் எதையும் இழப்பதில்லை. கிண்டி கட்டாயம் கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

பணக் கவலை இதில் கலக்க வேண்டாம். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் சீட் வாங்கினால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டும். அவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் அவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனித்தனியாக வரும்.

சரி, உங்கள் பயம் பணம் இல்லை, எனக்குத் தெரியும். பெண் பிள்ளை தனியாகப் போய் வர வேண்டுமே என்பதுதான். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் வழியைப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சின்னமலை வரை போகலாம். 2021-இல் இந்தப் பக்கம் மெட்ரோ வருவதற்கு முன் பேசியிருந்தால் உங்கள் கவலையில் பாதியை நானே ஒப்புக்கொண்டிருப்பேன். சின்னமலையில் இறங்கி, கிண்டி கல்லூரி இருக்கிற சர்தார் படேல் சாலைக்கு ஒரு பஸ், அதுவும் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நீங்கள் சொல்கிற தனியார் கல்லூரிக்கு விடியற்காலையில் காலேஜ் பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்பதைவிட இது எந்த விதத்தில் மோசம்?

கிண்டி கல்லூரியின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்தது. 1940-இல் லலிதா என்ற ஒரு பெண் அங்கே மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கையில் சின்னப் பெண் குழந்தையோடு இருந்தவர். வகுப்பு முழுக்க ஆண்கள். அவரைத் தொடர்ந்து தெரஸ்யா, லீலம்மா என்று இன்னும் இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். அண்ணன் தம்பியைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு அவர்கள் வகுப்புக்குப் போகவில்லை. தெரஸ்யா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறைக்கே தலைமைப் பொறியாளர் ஆனார்.

உங்கள் மகனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் அவனும்தான் நசுங்குகிறான். அவனுக்கு மெக்கானிக்கல் பிடிக்கும். ஆனால் தங்கச்சியைக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும் என்று பொறுப்பைத் தலையில் ஏற்றிவிட்டீர்கள். அவள் தனக்காகக் கிண்டியை விட்டாள் என்ற பாரமும் சேர்ந்தால் அந்தப் பையன் நாலு வருஷம் எப்படிப் படிப்பான்? அவன் பட்டியலை அவன் இஷ்டத்துக்குப் போடட்டும். கிண்டி வளாகத்திலேயே இருக்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் அவனும் எழுதட்டும். இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள்தான். ஒதுக்கீட்டில் எது எட்டும் என்று ரேங்க் சொல்லும். எம்.ஐ.டி. கிடைத்தால் கடற்கரை ஸ்டேஷனில் ஏறி நேராகக் குரோம்பேட்டையில் இறங்கலாம். ராத்திரி இரண்டு பேரும் உங்கள் வீட்டுச் சோறுதான் சாப்பிடப் போகிறார்கள்.

இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரே முகவரி, ஒரே பிறந்த தேதி, ஒரே இனிஷியல், ஒரே பள்ளி. இவள் மதிப்பெண் பட்டியலை அவன் விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் அலைய வேண்டியிருக்கும். ஏற்றிய ஒவ்வொரு தாளையும் பெயரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு மெயில் ஐடி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கட்டும். ஒருவருடையதை மற்றவர் திறக்க வேண்டாம்.

முதல் சுற்றுக்கு நாள் நெருங்குகிறது. மகளை முதலில் என்னிடம் அனுப்புங்கள், அவள் நோட்டோடு, தனியாக. சாயங்காலம் டியூஷன் முடிந்த பிறகு வீட்டில்தான் இருப்பேன். மகனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவனோடு அப்புறம் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தெரு டியூஷன் மிஸ்