பொறுமை குறைகிறதா, காது குறைகிறதா?

பாளையங்கோட்டை

பிரியமுள்ள நண்பனுக்கு,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது, தாமிரபரணியில் தண்ணீர் கலங்கலாய்ப் போகிறது. கோயிலில் அசனப் பண்டிகைப் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) பேச்சு ஆரம்பித்தாயிற்று. மற்ற சமாச்சாரம் பிறகு. மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை, விசுவாசம் குளிர்ந்துபோயிற்றோ என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விசுவாசத்தைச் சந்தேகிக்குமுன் காதைச் சந்தேகி. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள். ச, த, க, ப போன்ற எழுத்துகள்தான் அதில் அடிபடும். ஆ, ஓ என்கிற உயிரொலிகள் நன்றாகவே கேட்கும். ஆகவே பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும் மேலே இருப்பதால் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சொல்வதுதான் முதலில் நழுவும். உடனே, ‘எனக்குக் கேட்கக் கூடாதென்றே முணுமுணுக்கிறார்கள்’ என்று தோன்றும். அவர்கள் சத்தம் போட்டால் உயிரொலிதான் பெருகும், தெளிவு வராது. கத்துகிறார்கள் என்கிற வருத்தம்தான் மிஞ்சும். பாதிக் குடும்பச் சண்டை இங்கேதான் முளைக்கிறது. முதலில் டாக்டரிடம் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். பிறகு செவித்திறன் பரிசோதனை. காது மெஷின் போடச் சொன்னால் முதல் நாளே கோயிலுக்கு மாட்டிக்கொண்டு போகாதே. கோயிலில் எதிரொலி அதிகம், எல்லாம் குழம்பிக் கேட்கும். வீட்டில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது, ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் என்று பழக்கு. ஃபேன் சத்தமும் தட்டுச் சத்தமும் முதல் வாரம் தலைவலியாக இருக்கும். அந்த வாரத்திலேதான் பலபேர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. கோபம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் அது ஒரு விஷயம். இரண்டு மூன்று நாளில் சுபாவமே மாறி, பேச்சு தடுமாறி, பகலில் தூங்கி இரவில் அலைந்தால் அது வேறு. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாய்ச் சேர்த்த மாத்திரை எல்லாமே இந்த முகத்தோடு வரும். காய்ச்சல்கூடத் தெரியாமல் போகலாம். அப்போது வீட்டாருக்கு ஜெபக்குழுவைக் கூப்பிடத்தான் முதலில் தோன்றும். ஜெபிக்கட்டும், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போகட்டும். அதேபோல இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்கள் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. ‘விசுவாசி சோர்ந்துபோகலாமா’ என்று கேட்பவர்கள் எலியா தீர்க்கதரிசியின் கதையை வாசித்ததில்லை. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டவனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

சாப்பாடு என்றதும் உன் வெள்ளிக்கிழமை உபவாசம் நினைவுக்கு வருகிறது. நீ சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அதில் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, பட்டினியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாமல் எரிச்சல் பொங்கும். உபவாச நாளில்தான் அதிகம் கோபம் வருகிறது என்று பிசாசைக் குறை சொல்லாதே. அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, கால்மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார், ஏறாவிட்டால் மறுபடியும் குடி. சரியானதும் ஏதாவது சாப்பிடு. இனிமேல் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம். அதற்குப் பதிலாக, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் டிவியை விடு, செல்போனை விடு, அடுத்தவரைப் பற்றிய பேச்சை விடு. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் மிச்சம் இருக்கிற எரிச்சலைப் பற்றி இப்போது பேசலாம்.

முதியோர் ஞாயிறு என்று வைத்து, ‘பொறுத்துக்கொள்ளுங்கள், யோபைப் பாருங்கள்’ என்று பிரசங்கம் முடிகிறதே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்தில் யோபின் பொறுமை என்று வருகிறது, உண்மைதான். ஆனால் அந்த யோபு என்ன செய்தான்? யோபு புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குகிறான். நடுவில் சிநேகிதர்கள் பேசுவதை விட்டுப்பார்த்தால் 31-ஆம் அதிகாரம் வரைக்கும் முறையிட்டுக்கொண்டே இருக்கிறான். அப்படிப்பட்டவனைத்தான் வேதம் பொறுமைக்குச் சாட்சியாக நிறுத்துகிறது. அவன் கத்தினான், ஆனால் தேவனிடத்தில் கத்தினான், அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. வாயை மூடிக்கொள்வதே பொறுமை என்றால் 39-ஆம் சங்கீதத்தைப் பார். ஊமையனைப்போல் இருந்தேன், துக்கம் அதிகரித்தது, இருதயம் அனல்கொண்டது என்று தாவீது சொல்கிறான். அடக்கிவைத்த முறையீடு ஆண்டவரிடம் போகாவிட்டால் சாப்பாட்டு மேஜையில், சாம்பாரில் உப்பு இல்லை என்று வெளியே வரும்.

ஆகவே முறையீட்டுக்கு என்று ஒரு நேரம் வை. காலையில் பத்து நிமிஷம் போதும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு, நேற்று எது குத்தியதோ அதைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் சொல். பொதுவாக ‘என் பாவங்களை மன்னியும்’ என்று ஓடிவிடாதே. சொல்ல வார்த்தை இல்லாத நாளில் 88-ஆம் சங்கீதத்தை எடு. கடைசிவரை வெளிச்சமே வராமல் முடிகிற சங்கீதம் அது. அப்படியொன்றையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்பதே எனக்கு ஆறுதல். மற்ற நாளில் 71. “முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்” என்று கேட்கிறவன் வெட்கப்பட்டுக் கேட்கவில்லை பார்.

முழுச் சங்கீதப் புத்தகத்தையும் வாசிக்க ஆசையென்றால் தினம் ஐந்து வீதம் முப்பது நாளில் 150-ம் முடியும். 119-ஐ மட்டும் ஒரே நாளில் பிடிக்காதே, 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதி; தினம் ஒரு பகுதி என்று தனியாக வைத்துக்கொள். வெளிச்சம் உன் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தில் விழ வேண்டும், முகத்துக்கு நேரே அல்ல. நம் வயதுக்கு வாலிபனைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். பெரிய எழுத்து வேதாகமம் கனமாக இருந்தால் மடியில் தலையணை வைத்து அதன்மேல் வை. கண் முடியாவிட்டால் செல்போனில் ஒலி வேதாகமம் கேள், வேகத்தைக் குறைத்து வை.

முழங்கால்படியிட்டு ஜெபிக்க முடியாத விஷயத்தில் குற்றவுணர்வு வேண்டவே வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், அவ்வளவுதான். தரையில் இறங்கிவிட்டு எழும்ப முடியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிவதால் யாருக்கும் மகிமை இல்லை. போதகர் ஐயரிடம் ஒரு வார்த்தை சொன்னால் திருவிருந்தை உன் இருக்கைக்கே கொண்டுவருவார். கோயிலுக்கே போக முடியாத மாதத்தில் வீட்டுக்கும் வருவார். ஆனால் சொல்ல வேண்டும். கேட்காமலே வரவில்லை என்று மனம் கசந்தவர்கள்தான் எங்கும் அதிகம். யாக்கோபும் ‘சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக’ என்று வியாதிக்காரனிடம்தான் சொல்கிறார்.

மனம் அலைகிறது என்றாயே, பட்டியல் நீளமாக இருப்பதால்தான். நாற்பது பேருக்காகத் தினமும் ஜெபித்தால் அது பள்ளிக்கூட ஆஜர் எடுப்பதுபோல் ஆகிவிடும். ஒரு நோட்டில் ஏழு பக்கம் ஒதுக்கு, கிழமைக்கு ஒன்று. ஒரு பக்கத்தில் ஐந்து அல்லது ஆறு பெயர். பெயருக்கு எதிரே என்ன தேவை, எந்தத் தேதியில் எழுதினாய் என்று குறித்துவை. பெயர் மறந்துபோகிற காலத்தில் எழுத்துதான் கை கொடுக்கும்.

அடுத்தது இராத்திரி. பிரசங்கி 12-ஆம் அதிகாரத்தில் ஏந்திரம் அரைக்கிறவர்கள் ஓய்வது பல், பலகணி வழியாய்ப் பார்க்கிறவர்கள் இருளடைவது கண், அப்படியே “குருவியின் சத்தத்துக்கும்” எழுந்திருப்பது நம்முடைய தூக்கம். கிழவனுக்குத் தூக்கம் மெலிதாகும் என்று அன்றைக்கே எழுதியாயிற்று, ஆகையால் இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தால் பயப்படாதே. மணி பார்க்காதே. சிறுநீர் பிரிகிற மாத்திரையைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேள், இரவு ஏழு மணிக்குமேல் தண்ணீரைக் குறை, பகல் தூக்கம் அரைமணிக்குள் இருக்கட்டும். எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகே நில். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் புரளாதே, நாற்காலிக்கு வா. அந்த நேரத்துக்கு 130-ஆம் சங்கீதம், எட்டே வசனம், விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரன் அதில் வருகிறான். வெளிச்சம் போடாமல் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்துவிடு. புதிது மனதில் நிற்கவில்லையென்றால் சின்ன வயதில் பாடின பாமாலையைப் பாடு. மற்றதெல்லாம் மறந்தவர்களுக்கும் பழைய ராகம் நிற்கிறது. செல்போனை மட்டும் தொடாதே.

கடைசியாக, சபைக் கமிட்டியில் உன் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று எழுதியிருந்தாய். எண்ணாகமம் 8-ஆம் அதிகாரக் கடைசியைப் பார். தேவனுடைய பணிக்கென்று பிரித்த கோத்திரத்தானாகிய லேவியன் 25 வயதில் ஆசரிப்புக் கூடார (அந்நாள் ஆராதனைக் கூடாரம்) வேலைக்கு வருகிறான், 50 வயதில் அந்த வேலையை விட்டுவிட வேண்டும்; அதற்குமேல் சகோதரருக்கு உதவியாகக் காவல் காக்கலாம், பணிவிடையில் கை வைக்கக் கூடாது. நம்முடைய சபைகளில் இந்தப் பகுதியை யாரும் பிரசங்கிக்கக் காணோம், ஏனென்று உனக்கே தெரியும். தாவீது ராஜாவுக்கு உதவின கிழவன் பர்சிலாவும் அப்படித்தான். தாவீது எருசலேமுக்குக் கூப்பிட்டபோது, எனக்கு எண்பது வயது, சாப்பாட்டில் ருசி தெரியாது, பாட்டுச் சத்தம் கேட்காது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, தன் இடத்தில் கிம்காம் என்பவனை அனுப்பினான். கணக்கு நோட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிடு. கேட்டால் மட்டும் சொல். காவல் காக்க நிறைய இருக்கிறது: வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் இரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணு.

உயில் எழுதாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாய். தீராத காரியம் ஒன்று மனதில் கிடந்தால் மற்ற எதிலும் பொறுமை தங்காது, இந்த மாதமே முடி. நமக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். நீ கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகள் இரண்டு பேர் அதைப் பார்த்து உன் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளையும் மருமக்களையும் சாட்சியாக வைக்காதே. மருமகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உன் மகளுக்கு எழுதினது செல்லாமல் போய்விடும். உயில் நிற்கும், அவள் பங்கு நிற்காது. சபையில் உன்னைவிட வயது குறைந்த, சொத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பேரைப் பிடி. அடக்கத்துக்கு எந்த வசனம், எந்தப் பாட்டு என்பதை உயிலில் எழுதாதே, உயிலை அடக்கம் முடிந்தபிறகுதான் பிரிப்பார்கள். தனித் தாளில் எழுதி மகன் கையில் கொடு.

உன் மாத்திரைச் சீட்டை அடுத்த கடிதத்தோடு நகல் எடுத்து அனுப்பு.

கிறிஸ்துவுக்குள் உன் நண்பன்