வளைவில் படிக்க முடியாத போர்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் நெடுங்காலம் சுற்றுலா வேன் ஓட்டியவன் நான். என் மகள் உளவியல் ஆராய்ச்சி மாணவி. படிக்கும்போது மனிதனின் கண் எப்படி அசைகிறது என்பதைத்தான் ஆராய்கிறாள். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, தலை ஆடாமல் திரையில் உள்ளதைப் படிக்கச் சொல்வார்களாம். அகச்சிவப்புக் கேமரா கண்ணின் அசைவைப் பதிவு செய்துவிடும். இதெல்லாம் எதுக்கும்மா என்று முதலில் கேட்டவன்தான் நான். இப்போது நம் மலைப்பாதையின் எச்சரிக்கைப் போர்டுகளுக்கே அது தேவை என்று படுகிறது.

வரியின்மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவும், நிற்கும், மறுபடி தாவும். பிரான்ஸ் கண் மருத்துவர் ஜவாலின் ஆய்வகத்தில் 19-ம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்ட விஷயம் இது. நிற்கிற அந்தக் கால் விநாடியில்தான் எழுத்து தெரியும். தாவும்போது ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. 1975-ல் அமெரிக்காவில் மெக்கான்கியும் ரெய்னரும் செய்த சோதனையில், ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒரு நிறுத்தத்தில் வலப்பக்கம் சுமார் 15 எழுத்து வரைதான் பயன்பட்டது. சொல் நீளமானால் அதிலேயே கண் இரண்டு தடவை நிற்கும்.

சரி, நம் போர்டுக்கு வருவோம். ‘மலைப்பாதையில் கீழே இறங்கும் வாகனங்களை இரண்டாவது கியரில் மட்டுமே இயக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ கண் குறைந்தது 10 இடத்தில் நிற்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஒரு நிறுத்தத்துக்கு வண்டி 2 மீட்டர் ஓடிவிடும். ஆக, சாலையைப் பார்க்காமல் 20 மீட்டர்! அதற்குள் கொண்டை ஊசி வளைவே வந்துவிடும். புத்தகமாக இருந்தால் புரியாததைத் திரும்பிப் படிக்கலாம். இங்கே போர்டு பின்னால் போயிருக்கும்.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்தப் போர்டே வேண்டாம். சமவெளியிலிருந்து வருகிறவர்கள்தான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, டிரம் சூடாகிப் புகையும்போது ஓரங்கட்டுகிறார்கள். அவர்கள் கண்ணில் பளிச்சென்று படுவது பக்கத்திலேயே நிற்கும் ஹோம்மேட் சாக்லேட் விளம்பரம். அதில் இரண்டே சொல், ஆள் உயர எழுத்து. வியாபாரிக்குத் தெரிந்தது நெடுஞ்சாலைத் துறைக்குத் தெரியவில்லை.

பர்லியாரிலிருந்து மேலே உள்ள எச்சரிக்கைகளை ‘2-வது கியர்’, ‘ஏறும் வண்டிக்கு வழி’ என்று ஒரு போர்டுக்கு ஒரு செய்தியாகப் பிரித்து, வளைவுக்கு நன்றாக முன்னாலேயே, பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். போர்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியையும் வெட்டிவிட்டால் நல்லது. கோடை சீசனுக்கு முன்பே செய்யக்கூடிய வேலைதான்.

- ஓய்வுபெற்ற வேன் ஓட்டுநர், குன்னூர்